அக்காவுக்கு முதல் கீமோ: உடன்பிறந்தவர் எதை ஏற்றுக்கொள்ளலாம்?

உங்கள் அக்காவுக்கு 43 வயது, இடது மார்பகத்தில் கட்டி, ஊசிச் சோதனையில் புற்றுநோய் என்று உறுதியாகியிருக்கிறது, வரும் திங்கட்கிழமை மதுரையில் முதல் கீமோ. அத்தானுக்குத் திருநெல்வேலியில் பாத்திரக் கடை, மகள் பிளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு. சென்னையில் வேலை பார்க்கும் நீங்கள், ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாமா, அக்காவிடம் என்ன பேசுவது, எதைப் பேசக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 18 ஆண்டுகள் கீமோ வார்டில் செவிலியராக இருந்தவள். என் சொந்த அக்காவுக்கும் இதே நோய் வந்து, அவளுடைய முதல் மூன்று மாதங்கள் நான் கூடவே இருந்தேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஆறு மாத விடுப்பு வேண்டாம். வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பியைப் பார்க்கும்போதெல்லாம், தன்னால் இவன் பிழைப்பும் கெட்டதே என்ற கவலை அக்காவுக்குக் கூடும். அதோடு, ஆறு மாதத்தின் எல்லா நாட்களிலும் ஒரே அளவு உதவி தேவைப்படாது. சிகிச்சைத் தாளில் 'ஏசி 4, பிறகு வாரம் ஒரு பேக்லிடாக்செல் 12' என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏசி என்பது இரண்டு கீமோ மருந்துகளின் கூட்டு, பேக்லிடாக்செல் இன்னொரு கீமோ மருந்து. 21 நாளுக்கு ஒருமுறை நான்கு கீமோ என்றால் முதல் மூன்று மாதம், வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு என்றால் அடுத்த மூன்று மாதம். பெரும்பாலானவர்களுக்கு முதல் பாதிதான் கடினமாக இருக்கும். அதிலும் ஒவ்வொரு 21 நாளுக்குள்ளும் ஒரு வடிவம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் விடுப்பை எங்கே செலவழிப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கீமோ அன்றும் மறுநாளும் வாந்தியைத் தடுக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதன் வேகத்தில் அக்கா முகம் சிவந்து, தூக்கமில்லாமல், வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாகக்கூட இருக்கலாம். பார்க்க வந்த உறவினர்கள், 'கீமோ கீமோ என்று பயமுறுத்தினார்கள், ஒன்றும் செய்யவில்லையே' என்று நிம்மதியாக ஊருக்குக் கிளம்பிப் போவார்கள். மூன்றாம் நாள், அந்த மருந்தின் தாக்கம் இறங்கியதும், எழுந்து பல் விளக்கவே பலமில்லாத அளவுக்குச் சோர்வு வரும். வீட்டில் ஆள் இல்லாமல் போவது சரியாக அந்த நாளில்தான். ஆகவே கீமோ நாளைவிட அதற்குப் பிந்தைய மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாட்களுக்கு உங்கள் விடுப்பை வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரையான ஆன்டன்செட்ரான் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதை வார்டில் பலருக்கும் சொல்ல மறந்துவிடுவார்கள். மூன்று நாள் மலம் கழியவில்லை என்றால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் கேட்டு மருந்து வாங்கிக்கொடுங்கள்.

அடுத்தது ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை. வெளியே பார்க்க அக்கா தெளிந்தவளாகத் தெரிவாள். உள்ளே, ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும் நாட்கள் இவைதான். இந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், காட்டினால் இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போவதற்கு முன்பு பாராசிட்டமால் கொடுக்கக்கூடாது. அது சூட்டைக் குறைத்துக் காட்டிவிடும், கிருமியை ஒன்றும் செய்யாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அக்காவுக்கு முதல் கீமோ முடிந்து பத்தாம் நாள் காலை, படுக்கை விரிப்பை மாற்றப் போனேன். தலையணைக்கு அடியில் தெர்மாமீட்டரும், அதன் மேல் மடித்து வைத்த பாராசிட்டமால் அட்டையும் இருந்தன. அட்டையில் இரண்டு மாத்திரை இல்லை. இரவு பதினோரு மணிக்கே குளிர் எடுத்திருக்கிறது. 'நீ பகலெல்லாம் நின்றுவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்தாய், எழுப்ப மனசு வரவில்லை' என்றாள். அன்று மருத்துவமனையில் சேர்த்து ஐந்து நாள் ஊசி போட்டுத்தான் மீண்டாள். நூறு பேருக்குக் காய்ச்சலைப் பற்றிப் பாடம் எடுத்த நான், என் வீட்டில் அவளை ஒருமுறை அழைத்து, 'என்னை எழுப்பாமல் இருந்தால்தான் எனக்குக் கோபம் வரும்' என்று சொல்லியிருக்கவில்லை. நீங்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அக்காக்கள் தம்பி தங்கைகளை எழுப்ப மாட்டார்கள், அது அவர்களுக்குச் சிறு வயதிலிருந்து வந்த பழக்கம்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல், சிகிச்சை மதுரையில், வீடு திருநெல்வேலியில். நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் மூன்று மணி நேரம் காரில் போவது சரியான வழி ஆகாது. நரம்பு வழியாக ஏற்றும் ஆன்டிபயாடிக், மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போதே, 'அவசரத்துக்குத் திருநெல்வேலியில் எங்கே போவது, அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா' என்று கேளுங்கள். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையோ, வீட்டுக்கு அருகில் 24 மணி நேரமும் மருத்துவர் இருக்கும் தனியார் மருத்துவமனையோ, எது என்று முன்பே முடிவாகியிருக்கட்டும். அங்கே போனதும் வாசலில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், 'கீமோ போட்டுக்கொண்டிருக்கிறார், இன்று இத்தனையாவது நாள், காய்ச்சல்.' இதைச் சொல்லாவிட்டால் வைரஸ் காய்ச்சல்காரர்களின் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

இனி ஃபைல். ஒரு வீட்டில் ஃபைல் யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தே அந்த வீடு எப்படிச் சமாளிக்கிறது என்று வார்டில் நாங்கள் கணித்துவிடுவோம். ஊசிச் சோதனை அறிக்கை, ஸ்கேன், எக்கோ என்ற இதயப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும், ஏனென்றால் அதைச் சென்னையிலிருந்தும் செய்யலாம். அறிக்கையில் 'கிரேடு 3' என்று இருந்ததைப் பார்த்து நீங்கள் பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கிரேடு என்பது, நுண்ணோக்கியில் பார்க்கும்போது அந்த அணுக்கள் இயல்பான அணுக்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதன் கணக்கு. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது ஸ்டேஜ். இரண்டும் வேறு. கிரேடு 3 உள்ளவர் ஸ்டேஜ் 1 இல் இருக்கலாம்.

அம்மா கேட்ட கேள்வியும் நியாயமானதுதான்: கட்டியை முதலில் வெட்டி எடுக்காமல் எதற்கு மருந்து ஏற்றுகிறார்கள், முற்றிவிட்டதா? அப்படி அர்த்தமில்லை. சில வகைக் கட்டிகளுக்கு முதலில் கீமோ கொடுத்தால் கட்டி சுருங்கி, அறுவைச் சிகிச்சை சிறியதாக முடியலாம், மார்பகம் முழுவதையும் எடுக்காமல் தப்பிக்க வாய்ப்புண்டு. மருந்துக்குக் கட்டி கேட்கிறதா என்பதும் கண்ணெதிரே தெரிந்துவிடும், அதை வைத்துப் பின்னால் என்ன மருந்து என்று தீர்மானிக்க முடியும். அம்மாவிடம் இதை நீங்கள் பொறுமையாக ஒருமுறை சொல்லுங்கள், இல்லையென்றால் அவர் அக்காவிடமே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார். ஊசி குத்தியதால்தான் பரவியது என்று யாராவது கிளப்பினால் அதையும் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டாவது கருத்துக் கேட்க விரும்பினால் தவறில்லை, நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, ஊசிச் சோதனையில் எடுத்த சதையைப் பதித்து ஆய்வகத்தில் வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும், நுண்ணோக்கியில் பார்த்த ஸ்லைடையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் ஒரே ஒரு இடம், ஒரு வாரத்துக்குள். ஐந்து ஊருக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்து இரண்டு மாதத்தைத் தொலைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவிடம் நோயின் பெயரையே சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று பெரியப்பா யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கீமோ வார்டில் இருபது நாற்காலிகளுக்கு நடுவே உட்காரப் போகிறவரிடம் எதை மறைப்பது? மறைத்தால் அவர் பயத்தைத் தனியாகச் சுமப்பார், அவ்வளவுதான்.

அத்தானைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், 'அவர் ஒன்றும் பேசுவதில்லை' என்று. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கையெழுத்துப் போடுபவர் அவர், இரவில் பக்கத்தில் படுப்பவர் அவர். மருத்துவரின் அறைக்குள் உங்கள் அக்காவுக்கு அடுத்த நாற்காலி அவருடையது, நீங்கள் நின்றுகொண்டால் போதும். பிறந்த வீட்டார் வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்ற எண்ணம் அவர் மனத்தில் விழுந்துவிட்டால், இழுபடுவது அக்காதான். பணம் கொடுப்பதாக இருந்தாலும் அவர் கையில், யாரும் பார்க்காத நேரத்தில் கொடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அவர்கள் தகுதிக்குள் வருகிறார்களா, அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று விசாரித்து, குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் நகல்களுடன் வரிசையில் நிற்பதையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். கடையை விட்டு வர முடியாத மனிதருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ரயிலில் போவதென்றால், சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது, மருத்துவமனையில் படிவம் பூர்த்தி செய்து வாங்க வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் உங்களுக்கே முதல் உரிமை இருக்கிறது, பிள்ளைகள் விஷயத்தில். காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொண்ட தாய்மாமன் நீங்கள். மகனிடமும் மகளிடமும் நோயின் பெயரைச் சொல்லுங்கள், பள்ளியில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளக்கூடாது. இது தொற்றாது, அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம், தாங்கள் சண்டை போட்டதாலோ மதிப்பெண் குறைந்ததாலோ அம்மாவுக்கு இது வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் அப்படித்தான் மனத்துக்குள் கணக்குப் போடுவார்கள். பிளஸ் டூ படிக்கும் பெண் என்பதால், சமையலும் துணி துவைப்பதும் மெல்ல மெல்ல அவள் தலையில் வந்து விழும், யாரும் திட்டமிட்டுச் செய்வதல்ல, நம் வீடுகளில் அது தானாக நடக்கும். அதைத் தடுக்க ஒரு சமையல்கார அம்மாவுக்கு ஆறு மாதச் சம்பளத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டால், ஆறு மாத விடுப்பைவிட அது பயனுள்ளது.

விசாரிக்க வருபவர்களுக்கு ஒரு வாசல்காரர் வேண்டும், அதுவும் நீங்களே இருங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறை நீங்கள் நான்கு வரி எழுதிவிட்டால், தினமும் பத்துப் பேருக்கு அக்கா ஒரே கதையைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் வாரத்தில் யாரும் வர வேண்டாம், சளி, இருமல் இருப்பவர் எந்த வாரத்திலும் வர வேண்டாம் என்று எழுதுங்கள், வருத்தப்படுபவர்கள் வருத்தப்படட்டும். ஏழரைச் சனி, செய்வினை, பிள்ளைக்குச் சரியாகப் பால் கொடுக்கவில்லை என்று காரணம் கண்டுபிடிப்பவர்களை அக்காவின் காதுக்கு எட்டும் தூரத்தில் உட்கார விடாதீர்கள்.

மருந்து சொல்ல வருபவர்களும் வருவார்கள். முள்சீத்தா, கோதுமைப்புல் சாறு, நித்தியகல்யாணிக் கஷாயம் என்று பட்டியல் நீளும். இதில் நித்தியகல்யாணி சுவாரசியமானது: வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற உண்மையான கீமோ மருந்துகள் அந்தச் செடியிலிருந்து பிரிக்கப்பட்டவைதான், உங்கள் அக்காவுக்குப் பின்னால் வரப்போகும் பேக்லிடாக்செல்லும் ஒரு மரப்பட்டையிலிருந்து கண்டெடுக்கப்பட்டதே. ஆனால் மில்லிகிராமில் அளந்து, ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துவிட்டு ஏற்றும் மருந்து வேறு, கைப்பிடி இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பது வேறு. கீமோ நடக்கும்போது எந்தக் கஷாயமும் மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம். சொன்னவரிடம் வாதாடத் தேவையில்லை, வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் பெரிய இரகசியம் இல்லை. சமைத்தது, சூடாக ஆக்கியது, காய்ச்சிய தண்ணீர். முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும். கடையில் அறுத்து வைத்த பழமும் தெருவோர ஜூஸும் கூடாது. இட்லி, ரசம் சாதம், கஞ்சி, பருப்பு, மீன் குழம்பு, எது இறங்குகிறதோ அது. வாயில் இரும்புச் சுவை அடிப்பதாகச் சொன்னால் எவர்சில்வர் கரண்டியை மாற்றிப் பாருங்கள். வாய்ப்புண் வந்தால் காரத்தையும் புளியையும் நிறுத்திவிட்டு, உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரால் நாளுக்கு நான்கைந்து முறை கொப்பளிக்கச் சொல்லுங்கள். தாளிக்கும் வாசனையே குமட்டும் என்பதால், சமைக்கும் நேரத்தில் அவர் மாடியிலோ வாசல் திண்ணையிலோ இருக்கட்டும்.

முடி, முதல் கீமோவிலிருந்து இரண்டு, மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். இந்த மருந்துகளுக்குக் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கொட்டும். என் அக்காவுக்குப் பதினாறாம் நாள் சீப்பில் கொத்தாக வந்தது. குளியலறைச் சல்லடையில் சிக்கியதை யாரும் பார்க்கும் முன்பே அவள் குனிந்து எடுத்து, செய்தித்தாளில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து நான்காம் நாள் அவளே, 'முடியெடுக்கிறவரை வரச்சொல்' என்றாள். மொட்டை என்பது பழனியிலும் திருப்பதியிலும் நாமே விரும்பிக் கொடுப்பதும்தான், கைம்பெண்ணுக்கு ஊர் கொடுத்த தண்டனையாகவும் இருந்ததுதான். எங்கள் அம்மாவுக்கு இரண்டாவதுதான் நினைவுக்கு வந்தது, அன்று முழுவதும் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. என் அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டு, சின்ன வயதில் குலதெய்வக் கோவிலில் மொட்டையடித்தபோது இருந்த தழும்பு இன்னும் இருக்கிறதே என்று தடவிப் பார்த்தாள். உங்கள் அக்கா எப்படி எடுத்துக்கொள்வார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. முதலிலேயே குட்டையாக வெட்டிக்கொள்ளலாம், விக் வாங்கலாம், பருத்தித் துணி கட்டலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். அவர் முடிவு. முழுவதும் எடுப்பதென்றால் சவரக்கத்தி வேண்டாம், டிரிம்மர் போதும், சிறு வெட்டும் கிருமிக்கு வழியாகும். நீங்களும் சேர்ந்து மொட்டையடிப்பதாக இருந்தால் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், எல்லோருக்கும் அது பிடிப்பதில்லை.

என்ன பேசுவது என்ற கேள்விக்கு வருகிறேன். 'தைரியமாக இரு' என்ற சொல்லைக் குறையுங்கள். அதைக் கேட்டவர் அழ வேண்டிய நேரத்திலும் உங்களுக்காக அடக்கிக்கொள்வார். 'ஏதாவது வேண்டுமென்றால் சொல்' என்பதும் உதவாது, சொல்ல மாட்டார். 'வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன், எட்டு மணிக்கு வரவா?' என்று வேலையின் பெயரும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். மற்றபடி, நோய்க்கு முன்பு இருவரும் எதைப் பற்றிப் பேசிச் சிரித்தீர்களோ, எதற்குச் சண்டை போட்டீர்களோ, அதையே பேசுங்கள். வீடு முழுவதும் அவரைக் கண்ணாடிப் பாத்திரம் போல நடத்தும்போது, சண்டை போட ஒரு தம்பி இருப்பது ஆறுதல். சாவைப் பற்றி அவரே பேச்செடுத்தால் வாயை மூடாதீர்கள், 'அப்படியெல்லாம் பேசாதே' என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

இன்னும் முன்பே கண்டுபிடித்திருக்கலாமே என்று உங்களையே நொந்துகொண்டிருக்கிறீர்கள். உடன்பிறந்தவர்களை இந்த எண்ணம் விடுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923 இல். தானே மருத்துவராக இருந்தும் அவரால் காப்பாற்ற முடியவில்லை, அன்று சிகிச்சை என்று சொல்லிக்கொள்ள இங்கே அதிகம் இல்லை. அந்தத் துயரம் அவரை விடாமல் துரத்தி, 1954 இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கொண்டுவந்து நிறுத்தியது. உங்கள் அக்காவுக்குச் சிகிச்சை இருக்கிறது, திங்கட்கிழமை தொடங்குகிறது. உங்கள் வேதனையை இப்போது ஆக வேண்டிய வேலைகளில் இறக்குங்கள். மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம் மரபணு வழியாக வருவது. 43 வயது என்பதால் மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவர் பேசக்கூடும். மரபணுவில் மாற்றம் இருந்தால் ஆணான உங்களுக்கும் அது இருக்கலாம், உங்கள் பிள்ளைகளுக்கும் போகலாம். ஆனால் அது இந்த வாரத்து வேலை அல்ல.

இந்த வாரத்து வேலை இவ்வளவுதான். டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள், ஒன்று அக்காவின் தலைமாட்டுக்கு, மற்றது பயணப் பைக்கு. முன்பக்கம் திறக்கும், கை தளர்ந்த சட்டையோ நைட்டியோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள், உள்ளே குளிரும் என்பதால் ஒரு போர்வையும். ஏசி மருந்தில் ஒன்று செக்கச்செவேலென்று இருக்கும், செவிலியர் அருகிலேயே இருந்து சிரிஞ்சால் மெல்ல ஏற்றுவார். அந்த நேரத்தில் ஊசி ஏறிய இடத்தில் சிறிதளவு எரிந்தாலும், வலித்தாலும் உடனே சொல்ல வேண்டும், மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். சிஸ்டருக்குத் தொந்தரவு என்று பொறுத்துக்கொள்பவர்களே அதிகம், ஆகவே நீங்கள் அந்தக் கைப்பக்கமே உட்காருங்கள். அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், ரத்தம் அல்ல, இதை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு நாளைக்குக் கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியில் குமட்டினால் பிடித்துக்கொள்ள இரண்டு பிளாஸ்டிக் பை, ஒரு துண்டு, ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். காரில் பின்சீட்டில் அத்தானை உட்கார வையுங்கள், முன்னால் நீங்கள் உட்காரலாம்.